வாயைத் திறந்தால் ஊர் தெரியுமா? – பெர்லின் நாட்குறிப்பு

ஜூன் 16, 2023 – வெள்ளி

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வீரர்களின் பல்லைப் பரிசோதிக்க பெர்லினுக்குப் புறப்பட்ட பல் மருத்துவர்கள் நாங்கள். முதல் பாடம்: அல்ஜினேட் பொடியை யாரும் லேபிள் இல்லாத டப்பாவில் கொண்டுவராதீர்கள். பல் அச்சு எடுக்கிற பொடி அது, கடல்பாசியிலிருந்து வருவது, பார்த்தால் மைதா மாதிரியே இருக்கும். பெட்டியில் இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று பொட்டலத்தைப் பிரித்து பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிக்கொண்டு வந்ததில், வழியில் ஒரு விமான நிலையத்தில் ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. கடைசியில் காகிதக் கோப்பையில் கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. இரண்டு நிமிடத்தில் ரப்பராக இறுகியதை அதிகாரி விரலால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தார். பிரிக்காத பொட்டலமும் அதன் பாதுகாப்புக் குறிப்புத் தாளும் கையில் இருந்திருந்தால் இந்த வித்தை தேவைப்பட்டிருக்காது.

பெர்லினில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம். ரயில் நிலையத்தில் வாங்கிய தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை. காலி பாட்டிலைக் கடை எந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். பார்க்காமல் எடுத்தது சோடாத் தண்ணீர். இங்கே சாதாத் தண்ணீர் வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஜூன் 17 – சனி

இன்று மாலை ஒலிம்பிக் மைதானத்தில் தொடக்க விழா. இது பாராலிம்பிக்ஸ் இல்லை, ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கானது. 1968 ஜூலையில் சிகாகோவில் தொடங்கியது. உலகப் போட்டி ஜெர்மனிக்கு வருவது இதுதான் முதல் முறை. சுமார் 7,000 வீரர்கள், 26 விளையாட்டுகள். போட்டிகளோடு கூடவே கண், காது, பாதம், பல் என்று இலவசப் பரிசோதனையும் நடக்கும். பல்லுக்கான பிரிவுக்கு ஸ்பெஷல் ஸ்மைல்ஸ் என்று பெயர். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவர் ஸ்டீவன் பெர்ல்மன் 1993இல் தொடங்கியது.

கண்காட்சி வளாகத்தில் இடம் ஒழுங்குபடுத்துவதிலேயே பகல் போய்விட்டது. பல் மருத்துவமனை நாற்காலி கிடையாது. முதுகு சாய்கிற சாதா நாற்காலிதான். தலையில் கட்டும் விளக்கு, வாய்க்கண்ணாடி, பஞ்சுத் துணி, நைட்ரைல் கையுறை (லேட்டக்ஸ் வேண்டாம், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள்). கூரான கொக்கி ஊசி மேசையிலேயே கிடையாது. பயம் ஒரு காரணம். இன்னொன்று, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் மரபணுக் குறைபாடு) உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிறவி இதயக் கோளாறோடு பிறக்கிறவர்கள். யாருடைய இதயம் எப்படி என்று தெரியாமல் ஈறைக் குத்தி ரத்தம் வரவைத்து, வாய்க்கிருமி ரத்தம் வழியே இதயத்துக்குப் போக வழிவிடுவது தேவையில்லாத வினை.

கண்ணால் மட்டும் பார்க்கும்போது எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். பல்லின் மேற்பரப்பு அரை மில்லிமீட்டராவது உடைந்து குழிந்திருந்தால்தான் சொத்தை. வெறும் கறுப்புக் கோடு கணக்கில் வராது. சந்தேகமா, ‘இல்லை’ என்று போடு. எக்ஸ்ரே இல்லாததால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் சொத்தை கண்ணில் படாது. ஆகவே இங்கே எழுதப்படும் எண்ணிக்கை எப்போதும் உண்மையைவிடக் குறைவு.

நாற்காலியை எப்படிப் போடுவது என்பதில்தான் சின்ன வாக்குவாதம். பின்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பது எங்கள் எல்லாருக்கும் கை பழகிய முறை. ஆனால் டவுன் சிண்ட்ரோமில் மேல் இரண்டு கழுத்தெலும்புகளின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். தலையைப் பின்னால் வளைத்தால் தண்டுவடத்துக்கே ஆபத்து. அதனால் நாங்கள் குனிவது, வீரர்கள் நிமிர்ந்து உட்காருவது என்று முடிவாயிற்று. சாயங்காலம் எல்லாருக்கும் இடுப்பு வலி.

ஜூன் 18 – ஞாயிறு

ஜெர்மனியில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறக்காது. மளிகை, பல்பொருள் அங்காடி எல்லாம் பூட்டு. காலை பத்து மணிக்கே பிரஷ் சொல்லிக்கொடுக்கும் மேசையில் புதினா வாசனை பேஸ்ட் மட்டும்தான் இருக்கிறது என்பது தெரியவந்தது. ஆட்டிசம் உள்ள பலருக்குப் புதினா காரம், நெருப்பு. நுரை வேறு. ஒருவர் பிரஷைக் கண்டதுமே எழுந்து போய்விட்டார். சுவையில்லாத, நுரைக்காத பேஸ்ட் வாங்க மையத் தொடருந்து நிலையத்துக்கு ஓட வேண்டியிருந்தது. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகளுக்கு ஞாயிறு விதிவிலக்கு உண்டு. போகும் அவசரத்தில் ஒரு வண்டிகூட வராத சாலையில் சிவப்பு விளக்கில் காலெடுத்து வைத்ததற்கு ஒரு பாட்டியம்மா, பக்கத்தில் நின்ற குழந்தையைக் காட்டி ஏதோ சொன்னார். மொழி புரியாவிட்டாலும் திட்டு புரிந்தது.

பரிசோதனையில் முதல் நாளே தடுமாறுவது ஒரே கேள்வியில்: ‘வாயில் வலி இருக்கிறதா?’ பலர் ஆமாம் என்பார்கள். ‘இல்லைதானே?’ என்று கேட்டாலும் ஆமாம்தான். எதிரில் இருப்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள். இதற்குச் செய்ய வேண்டியது: கேள்வியைத் திருப்பிப் போட்டு இரண்டு தரம் கேட்பது, விரலால் தொட்டுக் காட்டச் சொல்வது, பிறகு கோச்சிடம் நடத்தையைக் கேட்பது. ஒரு பக்கமாகவே மெல்கிறாரா, குளிர்ந்த தண்ணீரைத் தள்ளிவிடுகிறாரா, கன்னத்தில் அடித்துக்கொள்கிறாரா, சமீபமாகத் தூக்கமில்லையா? இங்கே ‘வலி இல்லை’ என்று சிரித்த ஒரு பளுதூக்கும் வீரரின் கீழ்க் கடைவாயில் ஈறோரம் சீழ்க் கொப்புளம் இருந்தது. கோச் யோசித்துவிட்டு, ஆறு மாதமாகக் கோபம் அதிகம் என்றார். அதற்கு மருந்து கூட்டியிருக்கிறார்களாம்.

கண்ணாடியை நேராக வாய்க்குள் விடக் கூடாது. முதலில் அவர் கையில் கொடுத்து, நகத்தில் வைத்துக் காட்டி, ‘பத்து எண்ணும் வரை’ என்று ஒப்பந்தம் போட்டு, பத்தில் நிறுத்திவிட வேண்டும். பதினொன்று எண்ணினால் அடுத்த தரம் வாய் திறக்காது.

ஜூன் 19 – திங்கள்

வெயில். முப்பது டிகிரிக்கு ஜெர்மன்காரர்கள் உருகுகிறார்கள். சென்னை மே மாதத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது மார்கழி. ஆனால் பல கட்டடங்களில் ஏசி இல்லை என்பதால் இரவில் நாங்களும் உருகினோம்.

இன்று கூட்டம். நாடு நாடாக அணிகள் வரிசையில் வந்தன. மதியத்துக்குள் எங்கள் மேசையில் ஒரு விளையாட்டு தொடங்கிவிட்டது: சட்டையைப் பார்க்காமல் வாயைப் பார்த்து ஊர் சொல்வது. ஓரளவு முடியவும் முடிந்தது. பழுப்புத் திட்டும் குழியுமான பற்கள் என்றால் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கும் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரியும் இதில் பங்காளிகள். கீழ்க் கோரைப்பல் இரண்டும் இல்லை, பக்கத்துப் பல்லும் உருக்குலைந்து முளைத்திருக்கிறது என்றால் கிழக்கு ஆப்பிரிக்கா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வருவது ஈறுக்குள் இருக்கும் ‘புழு’வால் என்று நம்பி, கைக்குழந்தையின் கோரைப்பல் முளையைத் தோண்டி எடுக்கும் பழக்கம் உகாண்டா, தான்சானியா, எத்தியோப்பியாவில் பல இடங்களில் உண்டு. இதைப் பிறவியிலேயே பல் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. மேல் முன்பற்கள் நான்கும் வேண்டுமென்றே எடுக்கப்பட்டிருந்தால் கேப் டவுனாக இருக்கலாம். அங்கே அது ஒரு ஃபேஷன்.

இவையெல்லாம் மண்ணும் வழக்கமும் போட்ட அடையாளம். குறைபாட்டின் அடையாளம் எந்த நாட்டிலும் ஒன்றே. டவுன் சிண்ட்ரோம் என்றால் சின்னப் பற்கள், நடுவே இடைவெளி, சில பற்கள் முளைக்கவே இல்லை, தாமதமாக விழுந்த பால்பல். சொத்தை பல பேருக்குக் குறைவுதான். அதைப் பார்த்து ‘நல்ல வாய்’ என்று எழுதி அனுப்பிவிட்டால் பெரிய தப்பு, ஏனென்றால் இவர்களைக் கவிழ்ப்பது ஈறு நோய். நோய் எதிர்ப்பு அணுக்களின் குறையால் இருபது, இருபத்தைந்து வயதிலேயே கீழ் முன்பல் ஆட்டம் காணும், வேரும் குட்டை. வலிப்புக்கு ஃபெனிடாய்ன் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டு வளரும். மனநல மருந்துகளில் பல, வாயை உலர்த்திவிடும். எச்சில் குறைந்தால் சொத்தை ஈறோரம் வளையம் போடும். பெருமூளை வாதம் என்றால் பல் நறநறப்பும், இரைப்பை அமிலம் மேலேறி அரித்த பின்பற்களும்.

சாயங்காலம் படிவங்களை அடுக்கும்போது அந்த விளையாட்டு கசந்தது. ஒவ்வொரு படிவத்திலும் அடுத்தடுத்து மூன்று கட்டங்கள்: சிகிச்சை செய்யாத சொத்தை, அடைத்த பல், இழந்த பல். ஏழை நாட்டு அணிகளில் முதல் கட்டம் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தோம், நிறைந்தே இருந்தது. பணக்கார நாடுகளில் அடைத்த பல் நிறைந்திருக்க வேண்டும் அல்லவா? சிலருக்கு அப்படித்தான். ஆனால் முப்பது வயதைத் தாண்டிய பலருக்கு அங்கேயும் நிறைந்திருந்தது மூன்றாவது கட்டம். அடைத்துக் காப்பாற்றியிருக்கக் கூடிய பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒத்துழைக்க மாட்டார் என்று டாக்டர் நினைத்திருப்பார், மயக்க மருந்துக்கு ஒரு வருடக் காத்திருப்பு இருந்திருக்கும், மயக்கம் கொடுத்த கையோடு சந்தேகமான எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. சொத்தை வருவதில் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வந்த பிறகு நடப்பதில்தான் வித்தியாசம். நாட்டின் பணமும் அதை முழுதாகச் சரிக்கட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே வந்திருப்பவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்: குடும்பமோ கோச்சோ பின்னால் நிற்கிறவர்கள், விமானம் ஏறியவர்கள். வீட்டுக்குள் இருக்கிறவர்களின் வாய் இந்த மேசைக்கு வரவே இல்லை. இதை வைத்து ‘அந்த நாட்டில் இத்தனை சதவீதம்’ என்று யாராவது மேடையில் பேசினால் நம்ப வேண்டாம்.

ஜூன் 20 – செவ்வாய்

மவுத் கார்டு (அடி படாமல் பல்லைக் காக்கும் உறை) நாள். கூடைப்பந்து, ஜூடோ ஆடுகிறவர்களுக்கு. வெந்நீரில் போட்டுக் கடிக்கிற கடைச்சரக்கு இவர்களுக்குச் சரிப்படாது. ‘கடி, ஆனால் ரொம்பக் கடிக்காதே’ என்பதை மூன்று மொழி தாண்டிச் சொல்ல முடியாது. கடைசியில் கடித்த இடம் காகிதமாகிவிடும். அதனால் அச்செடுத்தே செய்தோம்.

முதலில் மூக்கால் மூச்சு விடுகிறாரா என்று பார்க்க வேண்டும். மூக்கடியில் கண்ணாடியைப் பிடித்தால் பனி படிய வேண்டும். டவுன் சிண்ட்ரோமில் நாசி குறுகல், வாயால்தான் மூச்சு. வாய் நிறைய அச்சுத் தட்டு வைத்தால் திமிறுவார். அப்படிப்பட்டவரை விட்டுவிடுவதே நல்லது. மற்றவர்களுக்கு: நிமிர்ந்து உட்கார்ந்து தலை சற்று முன்னால். தட்டின் பின்பக்கம் பொடிக் குழம்பைக் குறைவாகப் போட்டு, பின்னாலிருந்து முன்னாக அழுத்தினால் உபரி முன்னே வழியும், தொண்டைக்குப் போகாது. குமட்டினால் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கவனம் காலுக்குப் போய்விடும். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தால் சீக்கிரம் இறுகும். மண்டபக் குழாயில் வெயிலுக்கு வெதுவெதுவென்று வந்த தண்ணீரில் முதல் இரண்டு கலவையும் கிண்ணத்திலேயே கல்லாயின. அப்புறம் ஐஸ் கேட்டு வாங்கினோம்.

எடுத்த அச்சைக் கழுவி, கிருமிநீக்கி தெளித்து, ஈரத்துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் பிளாஸ்டர் ஊற்ற வேண்டும். காய்ந்தால் சுருங்கும், சுருங்கிய அச்சில் செய்த கார்டு வாயில் ஏறாது. பிளாஸ்டர் இறுக முக்கால் மணி நேரம். மாதிரியை லாட வடிவில் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்துத்தான் வேக்குவம் கருவியில் வைக்க வேண்டும். ஈரம் நின்றால் தகட்டுக்கு அடியில் நீராவிக் குமிழ். 4 மில்லிமீட்டர் இவிஏ (மென்மையான பிளாஸ்டிக்) தகடு சூட்டில் தொய்ந்து இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தொங்கியதும் இறக்கி உறிஞ்சவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் சூடாகட்டும் என்று காத்தால் முன்பல் முனையில் மெலிந்துவிடும், அடி படுவதே அங்கேதான். முழுக்க ஆறிய பிறகே பிரித்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கோணும். வெட்டும்போது உதட்டுப் பள்ளத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவாக நிறுத்தி, மேலுதட்டை ஈறோடு இணைக்கும் நடு மடிப்புக்கு ஒரு சின்ன வெட்டு. இதை மறந்தால் அரை மணியில் புண்.

ஓரத்தை மழமழப்பாக்க ஸ்பிரிட் விளக்கு ஏற்றினோம். மண்டபத்தின் தீப்பாதுகாப்பு ஆள் எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை. ஏற்றிய அரை நிமிடத்தில் வந்து நின்றார், பணிவாக, அசையாமல். அவர் சொன்னது நியாயம். மீதி எல்லாம் ரப்பர் சக்கரத்தில் தேய்த்தது, இரட்டிப்பு நேரம்.

ஜூன் 21 – புதன்

சந்தையில் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு, ஷ்பார்கல், கட்டுக்கட்டாய். ஜூன் 24க்குப் பிறகு வெட்ட மாட்டார்கள், செடி அடுத்த ஆண்டுக்கு ஓய்வெடுக்க வேண்டுமாம். தோலை ஒழுங்காகச் சீவாத ஓட்டலில் சாப்பிட்டால் நார் பல்லிடுக்கில் மாட்டும், மாட்டியது. டோனர் கபாப் ஏழு யூரோ, நம் காசுக்கு அறுநூறு சொச்சம். கடைக்காரரே விலையேற்றத்துக்கு வருத்தப்பட்டுவிட்டு மிளகாய்த் தூளைத் தாராளமாகத் தூவினார்.

வீரர்கள் கையில் எங்கு பார்த்தாலும் ஆப்பிள் ஷோர்லே, அதாவது சோடா கலந்த ஆப்பிள் சாறு. சர்க்கரை, அமிலம் இரண்டும் உண்டு. ஒரே மூச்சில் குடித்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. போட்டிக்கு இடையே நாள் முழுக்க ஒவ்வொரு மிடறாகக் குடிப்பதுதான் கெடுக்கிறது. ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும் வாயின் அமிலம் தணிய இருபது முப்பது நிமிடம் ஆகும்.

ஜூன் 22 – வியாழன்

மாலையில் இடி, மழை. குடை எடுத்துவராதவர்கள் நாங்கள் மட்டும்தான்.

முன்பல் தெறித்த ஒரு ஆட்டக்காரரை அழைத்துவந்தார்கள். பல் கோச் கையில், காகிதக் கைக்குட்டைக்குள், காய்ந்துபோய். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்: கிரீடப் பக்கத்தை (வாயில் வெளியே தெரியும் பகுதியை) பிடி, வேரைத் தொடாதே, தேய்க்காதே, அழுக்கிருந்தால் பாலிலோ உப்புநீரிலோ ஒரு அலசல், உடனே குழியில் செருகு. முடியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டுவா. வெளியே காய்ந்தபடி ஒரு மணி நேரம் தாண்டினால் வேரின் உயிரணுக்கள் செத்திருக்கும். இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு: கடுமையான இதய நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு, ஏற்கெனவே ஈறு நோயில் ஆடிய பல், சிகிச்சைக்கு உட்காரவே முடியாத நிலை என்றால் திருப்பிச் செருகக் கூடாது. வீரருக்கு இதயம் எப்படி என்று கோச் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நேரம் ஓடியது. மருத்துவ விவரத்தை ஒரு அட்டையில் எழுதிக் கழுத்து வாரோடு தொங்கவிட்டால் என்ன?

பதக்கத்தைக் கடித்துப் படமெடுப்பதையும் நிறுத்தச் சொன்னோம். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்ஸில் ஜெர்மனியின் சறுக்குவண்டி வீரர் டேவிட் மோல்லர் வெள்ளிப் பதக்கத்தைக் கடித்து முன்பல்லை உடைத்துக்கொண்ட கதையைச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள், வீரர்கள் கடித்தே தீருகிறார்கள்.

ஜூன் 24 – சனி

நாளை பிராண்டன்பர்க் வாசலில் நிறைவு விழா. இன்று கடைசி வாய்கள். சொத்தையைத் தடுக்கும் வார்னிஷைப் பல்லில் பூசுவது மட்டும் கடைசிவரை வேகமாக நடந்தது: 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு, துணியால் பல்லைத் துடைத்துவிட்டு மெல்லிய பூச்சு, எச்சில் பட்டதும் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் சாப்பிட வேண்டாம், அன்று இரவு பிரஷ் வேண்டாம். மரப்பிசின் கலந்தது என்பதால் ஒவ்வாமையைக் கேட்டுவிட்டுத்தான். பல் மஞ்சளாகிவிட்டதே என்று அழுத ஒருவருக்கு நாளை போய்விடும் என்று நாலு பேர் சத்தியம் செய்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் பாடம் பிரஷ் மேசையில்தான். கைப்பிடி வழுக்குகிறவருக்கு டென்னிஸ் பந்தில் கீறல் போட்டு பிரஷைச் செருகிக் கொடுத்தோம். சைக்கிள் ஹேண்டில் உறையும் ஆகும். தானே தேய்க்கட்டும், முடித்ததும் பெரியவர் பின்னால் நின்று, தலையைப் பின்னால் வளைக்காமல் தன் மார்பில் சாய்த்து, இன்னொரு தரம் தேய்க்க வேண்டும். ஈறில் ரத்தம் வந்தால் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் மெதுவாகத் தேய்க்க வேண்டும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் நிற்கும். துப்பத் தெரியாதவருக்கு அரிசியளவு பேஸ்ட் போதும். பல கோச்சுகளின் பையில் மிட்டாய்: நன்றாக ஓடினால் ஒன்று, அழாமல் இருந்தால் ஒன்று. எந்த நாடாக இருந்தாலும் இது மட்டும் மாறவில்லை. ஸ்டிக்கர் தாள்களைக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். மிட்டாயைத் திருப்பித் தரவில்லை.

ஜெர்மன் பல் மருத்துவர் ஒருவர் தன் நாட்டு ஏற்பாட்டைச் சொன்னார். 2018 ஜூலை 1 முதல், பராமரிப்பு தேவைப்படுகிறவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பல் காரை எடுப்பதும், வாய்நிலை எழுதி வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அரசுக் காப்பீட்டிலேயே வருகிறது. ‘எத்தனை பேர் வருகிறார்கள்?’ என்று கேட்டோம். கூட்டிக்கொண்டு வர ஆள் இருக்கிறவர்கள் வருகிறார்கள் என்றார்.

‘அவசரம்’ என்று குறித்த தாள்கள் பரிசுப் பைக்குள், பிரஷோடும் தொப்பியோடும் போய்விடுகின்றன. பையை ஊரில் யாராவது தம்பி, தங்கை பிரிப்பார்கள். ஆகவே இன்று அந்தத் தாளைக் கோச் கையில் கொடுத்து, எந்தப் பல் என்று அவர் மொழியில் அவரையே எழுதவைத்து, வீரரின் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைக்கச் சொன்னோம். பளுதூக்கும் வீரரின் கோச் எழுதியது எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. கீழே ஒரு கடைவாய்ப் பல்லைப் படமாக வரைந்து, வட்டம் போட்டிருந்தார். மூன்று வேர் போட்டுவிட்டார். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டுதான். திருத்தவில்லை.